அப்பார்ட்மெண்ட் வீட்டுக்கு வேக்யூம் கிளீனர்: மிஷினைப் பார்க்கும் முன் முறத்தைப் பாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் ரோட்டில், மதுக்கரை தாண்டி எங்கள் அப்பார்ட்மெண்ட். குடிவந்ததிலிருந்து மூன்று வேக்யூம் கிளீனர் வாங்கிவிட்டேன். அதில் இரண்டு தப்பு. அந்தத் தப்புகளின் புண்ணியத்தில், இப்போது எங்கள் பிளாக்கில் யார் மிஷின் வாங்கப் போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எல்லை தாண்டிக் கேரளத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அத்தை வீட்டுக்கும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இத்தனை பேரோடு போனதில் பார்த்தது இதுதான். எல்லோரும் முதலில் மிஷினைப் பிடித்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதற்குப் பிளக் தேடுகிறார்கள், வைக்க இடம் தேடுகிறார்கள், கடைசியில் அதற்கு வேலையும் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசை இதற்குத் தலைகீழ். முதல் நான்கு படி முழுக்க வீட்டுக்குள்ளேயே முடியும். அதை முடிக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

தேவையானவை: ஒரு இஞ்ச் டேப், ஒரு முறம், ஒரு நோட்டு, ஒரு வாரப் பொறுமை.

## 1. ஒரு வாரம் குப்பையைப் பாருங்கள்

தினமும் சீமாறு போட்டுக் கூட்டியதும் முறத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்து ஒரு வரி எழுதி வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா கூட்டுகிறார் என்றால் அவரிடமே கேளுங்கள், நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஏன் ஒரு வாரம்? வெள்ளிக்கிழமைக் குப்பை வேறு, புதன்கிழமைக் குப்பை வேறு. வெள்ளி என்றால் கோலமாவும் சாம்பிராணிச் சாம்பலும் பூவும் சேரும்.

நம் பக்கத்து வீடுகளில் விழுவது பெரும்பாலும் ஐந்து வகை. பொடி மண், நீள முடி, நார், சாப்பாட்டுத் துணுக்கு, மாவு போன்ற மெல்லிய தூசி. ஒவ்வொன்றும் மிஷினின் வேறு வேறு உறுப்பைப் படுத்தும். பொடி மண்ணும் மாவுத் தூசியும் பில்டரை அடைக்கும். முடியும் நாரும் பிரஷ் உருளையில் சுற்றும். அரிசி, கடலை போன்ற கனமானவை, உறிஞ்சும் காற்று குறைவாக இருந்தால் நகரவே நகராது.

நார் என்று நான் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் தென்னை நார் மிதியடி போடாத வீடு இங்கே குறைவு. அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். பூச்சரம் கட்டிய வாழை நார் இன்னும் மோசம். உலர்ந்தால் கம்பி மாதிரி ஆகிவிடும். என் முதல் மிஷினின் உருளை நின்றுபோனதைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது முக்கால்வாசி பூ நார்.

மண் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு கூத்து உண்டு. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அதன் வழியாக நம் பக்கம் பாயும். மார்கழி, தையில் வறண்ட கிழக்குக் காற்று அதே வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் போகும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் வருடத்தில் சில மாதம் சன்னல் வழியாகப் புழுதி வந்தே தீரும். ஆகவே காற்றுக் காலத்தில் குப்பையைப் பார்த்தால் சரியான கணக்கு கிடைக்கும். ஐப்பசி மழையில் பார்த்துவிட்டு "எங்க வீட்ல தூசியே இல்லீங்க" என்று சொல்லிச் சின்ன மிஷின் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்து, எந்த இரண்டு வகை அதிகம் என்று கோடு போட்டு வையுங்கள். இனி எல்லாம் அந்த இரண்டை வைத்துத்தான்.

## 2. தரையையும் தரையல்லாததையும் தனித்தனியாக எழுதுங்கள்

தரை பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நம் அப்பார்ட்மெண்ட் எல்லாம் விட்ரிஃபைட் டைல்ஸ்தான். சுவரிலிருந்து சுவர்வரை கார்ப்பெட் விரித்த வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் கடையில் மிஷினைக் காட்டும்போது ஒரு கார்ப்பெட் துண்டைப் போட்டுத்தான் காட்டுவார்கள். கார்ப்பெட்டுக்கு என்று செய்த கெட்டி முள் பிரஷ், வழுவழுப்பான டைல்ஸில் வேகமாகச் சுற்றினால் அரிசியையும் மண்ணையும் முன்னால் தள்ளி அடிக்கும். டைல்ஸுக்கு வேண்டியது துணி மாதிரி மெத்தென்ற உருளை, அல்லது உருளையே இல்லாமல் அடியில் பிரஷ் முடி வரிசை வைத்த தட்டைத் தலை (குழாய் முனையில் மாட்டும் உறிஞ்சும் வாயைத்தான் தலை என்கிறேன்).

தரையல்லாதவற்றில்தான் வேக்யூம் கிளீனருக்கு உண்மையான வேலை. டைல்ஸை ஐந்து நிமிஷத்தில் சீமாறு கூட்டிவிடும். சீமாறால் முடியாதவை இவை: மெத்தை, சோபா, ஸ்லைடிங் சன்னலின் கீழ்ப் பள்ளம், கொசுவலை, ஃபேன் இறக்கை, பீரோவின் மேல்புறம், ஏசியின் வலை. உங்கள் வீட்டில் இதில் எவை உண்டு, எத்தனை உண்டு என்று எழுதுங்கள்.

இதில் மெத்தையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தென்னை நார் மெத்தையோ இலவம்பஞ்சு மெத்தையோ இருந்தால், அதற்குள்ளிருந்தே தூள் வந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஈரக்காற்றில் தூசிப்பூச்சி பெருகும். வீட்டில் யாருக்காவது காலையில் தும்மல், இளைப்பு இருந்தால் மெத்தைக்கென்று தனித் தலை வைத்த மிஷின் தேவை. மிஷின் மேலோட்டமான தூசியைத்தான் எடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும் மெத்தையை வெயிலில் போடுவதும் அப்படியே தொடர வேண்டும்.

## 3. பிளக்கை எண்ணுங்கள்

யாருமே செய்யாத படி இது. அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

நம் வீடுகளில் இரண்டு அளவு பிளக் பாயிண்ட் உண்டு. சின்னது 6 ஆம்பியர். பெரியது, பவர் பிளக் என்று சொல்வது, 16 ஆம்பியர். நம் மின்சாரம் 230 வோல்ட். 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1,380. அதாவது சின்ன பிளக் தாங்குவது ஏறக்குறைய 1,380 வாட். 1,600 வாட் மிஷின் 7 ஆம்பியர் இழுக்கும், ஆகவே அதற்குப் பவர் பிளக்தான் வேண்டும். 1,000 வாட் மிஷின் நாலரை ஆம்பியருக்குள் நின்றுவிடும், சின்ன பிளக்கே போதும்.

இப்போது வீட்டைச் சுற்றி வந்து பவர் பிளக் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏசி பக்கத்தில், ஆள் எட்டாத உயரத்தில் ஒன்று. கீசருக்கு ஒன்று, பாத்ரூமுக்குள். ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின், அடுப்படி. ஹாலிலும் படுக்கையறையிலும் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் சின்ன பிளக்தான். 2,000 வாட் மிஷின் வாங்கி வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரிய பிளக்கைச் சின்னதில் மாட்டும் கன்வெர்ட்டரைக் கடையில் 60, 70 ரூபாய்க்கு வாங்கிச் சொருகுகிறார்கள். பத்து நிமிஷத்தில் அது சூடேறும். எங்கள் கீழ்வீட்டில் சுவரிலிருந்த பாயிண்ட் பழுப்பு நிறமாக மாறி உருகிய பிறகுதான் நிறுத்தினார்கள். மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதே கதைதான்.

அடுத்தது தூரம். ஒயர் உள்ள மிஷின்களில் ஒயர் 5 மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதோடு குழாய் ஒன்றரை, இரண்டு மீட்டர். டேப்பை எடுத்து, பிளக்கிலிருந்து அறையின் தூர மூலைவரை சோபாவையும் கட்டிலையும் சுற்றிக்கொண்டு அளவு எடுங்கள். நேர்கோட்டில் அளந்தால் பயனில்லை, ஒயர் கட்டிலைத் தாண்டிக் குதிக்காது. ஒரே பிளக்கில் போட்டு ஹாலும் ஒரு அறையும் முடிந்தால் நல்லது. ஒவ்வொரு அறைக்கும் மூன்று முறை பிடுங்கிச் சொருக வேண்டி வந்தால் இரண்டாவது மாதமே மிஷின் பரணுக்குப் போய்விடும்.

கரண்ட் போன நேரத்தில் ஓட்டலாம் என்ற எண்ணம் வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் 900 விஏ என்றால் அது 700 வாட் சொச்சம்தான் தாங்கும். அப்பார்ட்மெண்ட் ஜெனரேட்டரிலும் வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று வரம்பு வைத்திருப்பார்கள். தாண்டினால் மொத்த வீடும் இருட்டு.

## 4. வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

கையை நீட்டினால் எடுக்கும் இடமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. பரணில் வைத்தால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் இறங்கும். டிரம் மாதிரி மிஷினுக்குத் தரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம் வேண்டும், குழாயும் தலைகளும் தனி. அந்த இடத்தில் பழைய செய்தித்தாளை அளவாக மடித்துப் போட்டு இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ளவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தால் இடம் தப்பு.

பால்கனி வேண்டாம். சாரல் அடிக்கும். பேட்டரி மிஷின் என்றால் வெயிலும் ஆகாது.

## 5. இப்போது வகையைத் தேர்ந்தெடுங்கள்

நோட்டில் இப்போது நான்கு விஷயம் இருக்கும்: அதிகமான இரண்டு குப்பை, தரையல்லாத பொருட்களின் பட்டியல், பிளக், இடம். இனி வகை ஏறக்குறைய தானாகவே முடிவாகும்.

ஒயர் உள்ள பெட்டி வகை. சக்கரத்தில் பின்னால் இழுத்துக்கொண்டு போவது. மெத்தை, சோபா, சன்னல் பள்ளம் நிறைய இருக்கும் வீட்டுக்கு இதுதான். தலைகள் பல வரும், காற்று சீராக இருக்கும், பேட்டரி கவலை இல்லை. 1,000 முதல் 1,300 வாட்டுக்குள் இருந்தால் சின்ன பிளக் பிரச்சினையும் இல்லை. ஒரே ஒரு மிஷின்தான் வாங்குவேன் என்பவருக்கு நான் கைகாட்டுவது இதையே. பார்க்க அழகாக இருக்காது, வீட்டம்மா முகம் சுளிக்கலாம்.

டிரம் வகை. ஈரம், உலர் இரண்டையும் எடுக்கும். ஆடிக் காற்றில் பால்கனி வழியாகத் தண்ணீர் உள்ளே வரும் வீடு, வாஷிங் மிஷின் குழாய் கழன்று அடிக்கடி குளமாகும் வீடு, கார் கழுவும் ஆசை உள்ள வீடு என்றால் இது சரி. ஊதும் வசதியும் இருக்கும். ஆனால் கனம், சத்தம், இடம் மூன்றும் அதிகம்.

இதில் புதியவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. உலர் குப்பைக்கு உள்ளே பேப்பர் பையோ துணி பில்டரோ இருக்கும். தண்ணீரை உறிஞ்சும் முன் அதைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் பில்டரைப் போட வேண்டும். அத்தை வீட்டில் மாமா துணி பில்டரோடேயே தண்ணீரை இழுத்தார். உள்ளே ஏற்கெனவே இருந்த தூசி நனைந்து, பில்டர் முழுக்கக் களிமண் அப்பிக் காய்ந்து, கடைசியில் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. முதலில் டிரம்மைக் காலி செய்வது, பில்டரை மாற்றுவது, பிறகு தண்ணீர். வேலை முடிந்ததும் டிரம்மைக் கவிழ்த்துக் காய வைப்பது. இல்லாவிட்டால் அடுத்த முறை போட்டதும் வீடு முழுக்க ஊசிப்போன வாடை வரும்.

பேட்டரியில் ஓடும் குச்சி வகை. முடியும் சாப்பாட்டுத் துணுக்கும் அதிகமுள்ள வீட்டுக்கு, தினமும் ஐந்து பத்து நிமிஷம் ஓட்டுபவருக்கு, இதைவிட வசதி கிடையாது. பிளக்கைத் தேட வேண்டாம் என்பதாலேயே கை அதற்குப் போகும். டைல்ஸுக்கு மெத்தென்ற உருளையோடு வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அட்டைப்பெட்டியில் "40 நிமிடம்" என்று போட்டிருப்பது குறைந்த வேகத்தில். முழு வேகத்துக்கு நீங்களே கணக்குப் போடலாம். 21.6 வோல்ட், 2,500 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரி என்றால் இரண்டையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 54 வாட் அவர். மோட்டார் 350 வாட் என்றால் 54-ஐ 350-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள், ஒன்பது நிமிஷம் சொச்சம். மெத்தைக்கு முழு வேகம் வேண்டும், ஒன்பது நிமிஷத்தில் இரண்டு மெத்தை முடியாது. ஆகவே குச்சி வகை வாங்கினால் பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்ற முடிகிற மாடலாக வாங்குங்கள். உள்ளேயே பதித்த பேட்டரி தேய்ந்தால் மிஷினே போச்சு.

ரோபோ. நான் செய்த இரண்டாவது தப்பு. ரோபோ நல்ல பொருள்தான், ஆனால் முதல் மிஷினாக வாங்கக் கூடாது. மெத்தை, சோபா, சன்னல், ஃபேன் என்று நீங்கள் இரண்டாவது படியில் எழுதிய எதையும் அது தொடாது.

வாங்குவதானால் மூன்று அளவு எடுங்கள். மேலே லேசர் கண் உள்ள ரோபோவின் உயரம் 10 சென்டிமீட்டர் பக்கம் வரும், கட்டிலுக்கும் சோபாவுக்கும் அடியில் அதற்கு மேல் இடம் உண்டா? அறைக்கு அறை நிலைப்படி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலானவை ஏறாது. மூன்றாவது வைஃபை. இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் சேரும், உங்கள் ரவுட்டரில் அது தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பூஜை இடத்துக்குத் தடுப்பு போட மறக்காதீர்கள். எங்கள் வீட்டு ரோபோ ஒரு வெள்ளிக்கிழமை பூஜையறைக் கோலத்தில் ஏறி, ஈரத்துணியோடு ஹால் முழுக்கச் சுற்றி வந்தது. அம்மா அதைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

கையடக்க வகை. காருக்குச் சரி. வீட்டுக்கு வேண்டாம்.

## 6. அட்டைப்பெட்டி எண்களைப் படியுங்கள்

கடையில் முதல் பேச்சு வாட்டில்தான் தொடங்கும். "அண்ணா, இது 2,000 வாட்டுங்க, அது வெறும் 1,200. இதுதானுங்களே பெருசு?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி என்னிடமே கேட்டான். வாட் என்பது மிஷின் குடிக்கும் கரண்ட். உறிஞ்சும் திறன் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வேக்யூம் கிளீனருக்கு 1,600 வாட் உச்சவரம்பு வைத்து, 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்துவிட்டது. கார்ப்பெட் விரித்த ஊர்களிலேயே 900 வாட்டில் வேலை ஓடுகிறது. நமக்கோ டைல்ஸ்.

உறிஞ்சும் திறனைக் கிலோபாஸ்கலில் போட்டிருப்பார்கள். 1 கிலோபாஸ்கல் என்றால் தண்ணீரை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மேலே இழுக்கும் பலம். 20 என்றால் 2 மீட்டர். நல்ல எண்தான், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொள்ளாச்சி ரோட்டில் இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் வழுக்கை மாட்டிக்கொண்டால், கன்னம் ஒட்டும்வரை உறிஞ்சுவோம், வாய்க்கு ஒரு சொட்டு வராது. அந்த நேரத்தில் இழுவை உச்சத்தில் இருக்கும், ஓட்டம் பூஜ்யம். பெட்டியில் போடும் கிலோபாஸ்கல் பெரும்பாலும் அப்படி வாயை அடைத்து அளந்தது. தூசியைத் தூக்கிப் போவது ஓட்டம். ஆகவே வினாடிக்கு எத்தனை லிட்டர் காற்று என்ற எண்ணையும் தேடுங்கள். ஏர்வாட் என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, அது இழுவையையும் ஓட்டத்தையும் பெருக்கிய எண். இரண்டு மிஷினை ஒப்பிடும்போது ஏர்வாட்டை ஏர்வாட்டோடும் கிலோபாஸ்கலைக் கிலோபாஸ்கலோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

பில்டர். ஹெப்பா (மிக மெல்லிய தூசியையும் பிடிக்கும் பில்டர் வகை) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கீழே சின்ன எழுத்தில் எந்த வகுப்பு என்று பாருங்கள். எச் 13 என்றால், பிடிக்கவே கடினமான அளவுத் துகளிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும். இ 10 என்றால் 85 சதவீதம்தான். "ஹெப்பா மாதிரி" என்று ஒரு வகை போடுகிறார்கள், அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் எச் 13-க்குக் கீழே போகாதீர்கள். மூடி சரியாக ஒட்டி அடைக்கிறதா என்பதும் முக்கியம். மூடியோரம் காற்று கசிந்தால் உள்ளே எந்த பில்டர் இருந்தும் லாபமில்லை.

சத்தம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். 70-க்கும் 80-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்று நினைக்காதீர்கள். நம் சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர் இருக்கலாம்.

## 7. பை, பில்டர், சர்வீஸ்: இவற்றின் விலையை முதலில் கேளுங்கள்

பை உள்ள மிஷினா, பை இல்லாததா என்று கேட்பார்கள். பையில்லாதது செலவு குறைவு என்று தோன்றும். ஆனால் டப்பாவைக் குப்பைத்தொட்டியில் தட்டும்போது பாதித் தூசி திரும்ப உங்கள் மூக்கிலேயே ஏறும். பொடி மண்ணும் மாவுத் தூசியும் உங்கள் பட்டியலில் முதலில் இருந்தால் பை உள்ளதையே எடுங்கள். முடியும் துணுக்கும் முதலில் இருந்தால் பையில்லாதது போதும்.

பை, பில்டர், உருளை மூன்றும் தனியாக என்ன விலை, இப்போது ஸ்டாக்கில் இருக்கிறதா என்று மிஷினுக்கு விலை பேசும் முன்பே கேளுங்கள். "வரவழைச்சுத் தரலாங்க" என்ற பதில் வந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். வாங்கும்போதே ஒரு பில்டர் கூடுதலாக வாங்குங்கள். ஆடியிலும் ஐப்பசியிலும் கழுவிய பில்டர் காய இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஈர பில்டரோடு மிஷினைப் போட்டால் மோட்டார் வீணாகும், வாடையும் வரும்.

சர்வீஸ் விஷயத்தில் எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனித் தலைவலி. ஓணம் தள்ளுபடியில் பாலக்காட்டில் வாங்குவதா, ஆடித் தள்ளுபடியில் கோவையில் வாங்குவதா என்று யோசிக்கிறோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆக விலையில் வித்தியாசம் கடைக்காரர் கையில். ஆனால் வீட்டுக்கு வந்து பார்க்கும் சர்வீஸ் பின்கோடை வைத்து நடக்கிறது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர் பொள்ளாச்சி, ஆனால் சர்வீஸ் கணக்கில் அது பாலக்காடு. அத்தை வீட்டு மிஷினுக்கு இரண்டு பக்கமும் "எங்க ஏரியா இல்ல" என்றார்கள். அதனால் வாங்கும் முன்பே கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, மிஷின் இருக்கப்போகும் வீட்டின் பின்கோடைச் சொல்லி, ஆள் வருவாரா என்று கேட்டுவிடுங்கள்.

ஒயர் மிஷினுக்கு ஒரு ஆறுதல் உண்டு. அதன் மோட்டார் பெரும்பாலும் மிக்ஸியில் இருப்பது போன்ற கார்பன் பிரஷ் மோட்டார். கார்பன் தேய்ந்தாலும் காயில் போனாலும் கோவையில் பார்த்துத் தர ஆளுக்குப் பஞ்சமில்லை. பேட்டரி மிஷினின் சர்க்யூட் போர்டு போனால் அப்படி எங்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

## 8. கடையில் உங்கள் குப்பையைப் போட்டுப் பாருங்கள்

வெட்கப்பட வேண்டாம். ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் கொஞ்சம் மண், பத்துப் பதினைந்து அரிசி, ஒரு துண்டு பூ நார், சீப்பிலிருந்து எடுத்த முடி போட்டு எடுத்துப் போங்கள். கடைக்காரர் கொட்டும் தெர்மோகோல் உருண்டையை மின்விசிறிகூட நகர்த்தும். அதை மிஷின் உறிஞ்சுவதைப் பார்த்துக் கைதட்டாதீர்கள்.

உங்கள் கவரைக் கடையின் டைல்ஸில் கொட்டி, ஒரே ஒரு முறை முன்னால் தள்ளுங்கள். அரிசி உள்ளே போகிறதா, முன்னால் உருண்டு ஓடுகிறதா? பின்னுக்கு இழுக்கும்போது என்ன மிச்சம் இருக்கிறது? சுவரோரம் ஒட்டிக் கொட்டி அதையும் பாருங்கள். பிறகு உருளையை நீங்களே கழற்றி முடியை எடுத்து மாட்டுங்கள். கடைக்காரர் கழற்றிக் காட்டுவது கணக்கில்லை. திருப்புளி இல்லாமல் ஒரு நிமிஷத்தில் முடியாவிட்டால் வீட்டில் நீங்கள் அதைச் செய்யவே மாட்டீர்கள்.

மிஷினை யார் ஓட்டப் போகிறாரோ அவர் கையில் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். குச்சி வகையில் மோட்டார் கைப்பிடிப் பக்கம் இருப்பதால், தரையில் லேசாகத் தெரிவது ஃபேன் துடைக்க மேலே தூக்கும்போது மணிக்கட்டைப் பிடிக்கும். எங்கள் வீட்டில் அம்மாவைக் கூட்டிப் போகாமல் வாங்கியது என் முதல் தப்பு.

ஆன்லைனில் வாங்குவதானால் இந்தச் சோதனையை வீட்டில், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் செய்யுங்கள். அட்டைப்பெட்டியை அதுவரை எடைக்குப் போட வேண்டாம்.

## 9. முதல் மாதம்

மேலிருந்து கீழே வாருங்கள். ஃபேன், பீரோ மேல்புறம், சன்னல், சோபா, மெத்தை, கடைசியாகத் தரை. தரையை முதலில் முடித்துவிட்டு ஃபேனைத் தொட்டால் இரண்டு முறை வேலை. ஈரத்துணி போடுவது தரை உறிஞ்சி முடித்த பிறகு. ஈரத்தரையில் உலர் மிஷினை ஓட்டினால் குழாய்க்குள் சேறு ஒட்டும்.

மிஷினுக்குக் கொடுக்கக் கூடாதவை சில. சாம்பிராணிச் சாம்பல்: மேலே ஆறியது போல இருந்தாலும் உள்ளே கங்கு மணிக்கணக்கில் இருக்கும், பைக்குள் போனால் காற்று பட்டுப் பற்றிக்கொள்ளும். கோலமாவு, விபூதி: பில்டர் துளைகளை ஒரே நாளில் அடைத்துவிடும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குங்குமம்: உருளைத் துணி சிவந்து, அடுத்த அறை டைல்ஸும் சிவக்கும். வீட்டில் மரவேலையோ பால்ஸ் சீலிங் வேலையோ நடந்தால் அந்தத் தூளை உங்கள் மிஷினால் தொடாதீர்கள், வேலைக்காரர்களே அவர்கள் டிரம் மிஷினைக் கொண்டு வரட்டும். வாழை நாரும் பூச்சரமும் கையால் பொறுக்க வேண்டியவை.

டப்பாவில் கோடு போட்டிருக்கும், அதுவரை நிறைவதற்கு முன்பே கொட்டுங்கள். நிறைய நிறைய ஓட்டம் குறையும். பில்டரை எத்தனை நாளுக்கு ஒரு முறை தட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருப்பது கார்ப்பெட் ஊருக்கு எழுதியது. காற்றுக் காலத்தில் நான் ஐந்து நாளுக்கு ஒரு முறை தட்டுகிறேன், பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவுகிறேன். கழுவுவதற்கு வெறும் தண்ணீர் போதும், சோப்புப் போட வேண்டாம். பேப்பர் பில்டரைக் கழுவவே கூடாது. கழுவலாமா கூடாதா என்று அதன் ஓரத்திலேயே குழாய்ப் படம் போட்டுக் காட்டியிருக்கும்.

சத்தம் திடீரென்று கூர்மையாக மாறி உறிஞ்சுவது குறைந்தால் உடனே நிறுத்துங்கள், மோட்டார் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குப் போன் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் தலையைக் கழற்றுங்கள், பிறகு கம்பிக் குழாய், பிறகு வளையும் குழாய், கடைசியாக பில்டர். குழாயின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். வெளிச்சம் வராவிட்டால் குழாய்க்குள் அடைப்பு. எங்கள் பிளாக்கில் நான் பார்த்தவரை பத்தில் எட்டு தடவை உள்ளே இருந்தது ஒரு சாக்ஸோ, குழந்தையின் கிரேயானோ, தென்னை நார் உருண்டையோதான்.